கிராபிக்ஸ் கார்டு சாகிறது, ரிப்பேரா புதுசா? அவசரம்

நள்ளிரவு_ஆந்தை:
ரெண்டரிங் (காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் வேலை) போட்டால் பத்து நிமிடத்தில் திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள். அப்புறம் திரை கறுத்து, ஃபேன் முழு வேகத்தில் அலறுகிறது. டிரைவர் மென்பொருளை மாற்றிப் பார்த்துவிட்டேன். வெள்ளிக்குள் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும். ரிப்பேர் செய்யலாமா, புதிதே வாங்கிவிடலாமா?

குளிர்தென்றல்:
என்ன கார்டு? எத்தனை வருடம் ஆயிற்று? வாரண்டி உண்டா? கணினியைப் போட்டதும் வரும் பயாஸ் திரையிலேயே புள்ளி தெரிகிறதா, வேலைச்சுமை ஏறினால்தானா?

மின்சாரப்பூச்சி:
பவர் சப்ளைதான். பத்தில் எட்டு பேருக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். எத்தனை வாட்?

பழையபோர்டு:
கார்டின் பெயர்கூட எழுதாமல் ரிப்பேரா புதுசா என்றால் யார் என்ன சொல்வது? இங்கே கேட்பவர்கள் எல்லோரும் இப்படித்தான். முதலில் விவரம் தரப் பழகுங்கள்.

நள்ளிரவு_ஆந்தை:
மன்னிக்கவும். ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி. செகண்ட் ஹேண்ட், வாரண்டி இல்லை. பவர் சப்ளை 550 வாட். பயாஸ் திரை சுத்தமாக இருக்கிறது.

மின்சாரப்பூச்சி:
கார்டு 185 வாட் இழுக்கும். மதர்போர்டு ஸ்லாட்டில் 75 வாட், சப்ளையிலிருந்து வரும் 8 பின் கேபிளில் 150 வாட் வரை வரும். கணக்கில் தாங்கும்தான். ஆனால் 550 என்று அட்டையில் போட்டிருப்பதும் பழைய சப்ளை நிஜமாகத் தருவதும் ஒன்றல்ல. வேறு சப்ளையில் மாட்டிப் பாருங்கள்.

சூடான_சிப்:
கூலரைக் கழற்றிவிட்டு, கார்டை ஓவனில் 200 டிகிரியில் எட்டு நிமிடம் வையுங்கள். என் கார்டு அப்படித்தான் பிழைத்தது.

பழையபோர்டு:
தயவுசெய்து வேண்டாம். சிப்பை போர்டில் ஒட்டியிருக்கும், ஈயம் கலக்காத சாலிடர் (பற்றவைக்கும் உலோகம்) 217 டிகிரியில்தான் உருகத் தொடங்கும். 200இல் அது உருகாது. சிப்புக்கு அடியில் விட்டுப்போன இணைப்பு சூட்டில் விரிந்து கொஞ்ச நாள் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கெப்பாசிட்டர், பிளாஸ்டிக் எல்லாம் கெடும். சமைக்கிற ஓவனில் அந்தப் புகை வேறு.

சூடான_சிப்:
ஏழு மாதம் ஓடியதே. கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்ல முடியுமா?

பழையபோர்டு:
ஓடியதை மறுக்கவில்லை. எட்டாவது மாதம் என்ன ஆயிற்று?

சூடான_சிப்:
போய்விட்டது. அதற்குள் பணம் சேர்த்து வேறு வாங்கிவிட்டேன். எனக்கு அந்த ஏழு மாதம் பெரிய உதவி.

குளிர்தென்றல்:
ஓவன் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு வெள்ளிக்கிழமை இருக்கிறது. ஆந்தை, மெமரி கிளாக் (கார்டின் நினைவகம் ஓடும் வேகம்) 2000 மெகாஹெர்ட்ஸில் இருக்கும். 1750க்கு இறக்கி ஒரு மணி நேரம் ரெண்டர் விடுங்கள். புள்ளி நின்றால் மெமரிப் பக்கம் சந்தேகப்படலாம். நிற்காமல் திரை மட்டும் கறுத்தால் சப்ளை அல்லது சூடு. கூலரைத் திறந்து, சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்டையும் மாற்றிவிடுங்கள், அதே வேலைக்காக மெமரி மேலுள்ள பேடு கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நள்ளிரவு_ஆந்தை:
திறந்தேன். பேஸ்ட் சுண்ணாம்பு போல உதிர்ந்தது. கூலரின் ஃபின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. துடைத்துப் புதுப் பேஸ்ட் போட்டேன், சூடு 88இலிருந்து 71 ஆயிற்று. ஆனால் புள்ளி வந்தது. 1750இல் வைத்த பிறகு மூன்று மணி நேரமாக இல்லை.

குளிர்தென்றல்:
அப்படியென்றால் ஒரு மெமரி சிப் தளர்கிறது. வெள்ளி வரை 1750இலேயே ஓட்டுங்கள், கோப்பை அடிக்கடி சேமியுங்கள். ரிப்பேருக்குக் கொடுத்தால் எந்த சிப் என்று சோதித்துச் சொல்லி, அதை மாற்றுபவரிடம் மட்டும் கொடுங்கள். சூடு காட்டித் தருகிறேன் என்பவரிடம் வேண்டாம். தலைவலி போய்த் திருகுவலி வரும். இது 2017இல் வந்த மாடல், கேட்கும் கூலி இதேபோன்ற இன்னொரு பழைய கார்டின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் மாற்றிவிடுவேன்.

மின்சாரப்பூச்சி:
சப்ளையையும் ஒருமுறை பாருங்கள். புதுக் கார்டும் அதில்தான் மாட்டப்போகிறீர்கள்.

நள்ளிரவு_ஆந்தை:
வேலையைக் கொடுத்துவிட்டேன். கார்டு இன்னும் 1750இல் ஓடுகிறது. அடுத்த மாதம் புதிது வாங்குகிறேன். நன்றி.