அயனிக் கற்றை ஆய்வு: முனைவர் பட்டத்துக்கு எங்கே சேரலாம்?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகிறேன். அயனிக் கற்றையால் (மின்னூட்டம் பெற்ற அணுக்களின் பாய்ச்சலால்) பொருள்களின் பண்பை மாற்றும் ஆய்வில்தான் நாட்டம். கல்பாக்கமா, டெல்லியா?

மறுமொழி: தம்பி, எதை ஆராய விருப்பம் என்பதைப் பொறுத்தது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அயனிகளை வேகப்படுத்தும் 1.7 மெகாவோல்ட் முடுக்கி இருக்கிறது. அணு உலை எஃகில் நியூட்ரான்கள் பல ஆண்டுகளில் செய்யும் சேதத்தை அயனிகள் சில மணி நேரத்திலேயே காட்டிவிடும். அதிவேக கன அயனிகள் என்றால் டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தின் 15 மெகாவோல்ட் பெல்லட்ரான் முடுக்கிதான். அங்கே வெள்ளி அயனிகளைப் பாய்ச்சியிருக்கிறேன். மாதிரிகளைச் செப்பு ஏணியில் ஒட்டி வெற்றிட அறைக்குள் இறக்கிவிட்டு, விடிய விடிய கற்றையின் மின்னோட்டத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பொறுமை அவசியம்.

கேள்வி கேட்டவர்: ஐயா, இங்குள்ள பல்கலைக்கழகத்தில் பதிந்துகொண்டே டெல்லி முடுக்கியில் கற்றையைப் பயன்படுத்த நேரம் பெற முடியுமா?

மறுமொழி: தாராளமாக. வழிகாட்டி மூலம் முன்மொழிவு அனுப்புங்கள். அந்த மையத்தின் குழு ஏற்றால் நேரம் ஒதுக்குவார்கள். முனைவர் பட்டச் சேர்க்கைக்கு உதவும் நெட், கேட், ஜெஸ்ட் தேர்வுகளை இப்போதே எழுதிவிடுங்கள்.