கே.பி.சுந்தராம்பாள் குரலைச் சரியாகக் கேட்பது: இசைத்தட்டு முதல் மூன்று ஒளவை வரை

கே.பி.எஸ். அம்மாவின் பழைய 78 தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் இசைத்தட்டு) கையில் கிடைத்தால் முதலில் பிளேயரின் முள்ளைப் பாருங்கள். அந்தத் தட்டின் தடம் அகலமானது, 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முள் வேண்டும். பின்னால் வந்த எல்.பி. தட்டுக்கான 1 மில் முள் தடத்தின் அடியில் போய் உட்கார்ந்து அங்கிருக்கும் தூசியைத்தான் உரசும். பாட்டு இரைச்சலில் மூழ்கிவிடும். தட்டு அரக்கால் ஆனது, ஸ்பிரிட் பட்டால் கரையும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, மெல்லிய துணியால் தடத்தின் போக்கிலேயே துடைக்கணும். லேபிள் நனையக் கூடாது. கிராமபோனில் போடுவதானால் ஒரு பக்கத்துக்கு ஒரு எஃகு ஊசி. தேய்ந்த ஊசியை மறுபடி போட்டால் தடத்தைச் செதுக்கிவிடும்.

*

முள்ளைப் பற்றி மேலே சொன்னதோடு வேகத்தையும் சேர்த்துக்கோங்க. அந்தக் காலத் தட்டுகள் எல்லாம் மிகச் சரியாக 78 சுற்றில் பதிவானவை இல்லை. 78-இல் ஓட வேண்டியது 82-இல் ஓடினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை (ஆர்மோனியத்தில் அடுத்த கட்டை அளவு) ஏறும். இணையத்தில் கேட்டுவிட்டு "கீச்சுக் குரல்" என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் பல நேரம் கேட்டது இந்தத் தவறான வேகத்தை. கூட வாசிக்கும் ஆர்மோனியத்தைச் சுருதிப்பெட்டியோடு ஒத்துப் பாருங்கள். இரண்டு கட்டைக்கு நடுவில் விழுந்தால் வேகத்தைச் சந்தேகிக்கணும். ஆனால் அந்த ஆர்மோனியமே சற்று விலகியிருக்கலாம். அதனால் நெடில் எழுத்துகள் இயல்பாக ஒலிக்கிறதா என்பதையும் காதால் சோதியுங்கள்.

*

சரியான வேகத்தில் கேட்டாலும் அவர் சுருதி உயரமாக இருப்பதற்குக் காரணம் நாடக மேடை. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் சொல் போய்ச் சேரணும். 1908-இல் கொடுமுடியில் பிறந்தவர், நாடகத்தில் வளர்ந்தவர். 1927-இல் மணந்த நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பாவும் உச்ச ஸ்தாயியில் பேர் பெற்றவர். 1933-இல் கிட்டப்பா மறைந்த பிறகு வெள்ளைக் கதரும், ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்ற உறுதியும். 1935-இல் படத்துக்கு வந்தபோது நந்தனாராகவே, ஆண் வேடத்தில் வந்தார். சம்பளம் ஒரு லட்சம்! துயரக் கதையையே பேசிப் பேசி இந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம்.

*

திரையில் மூன்று முறை ஒளவை: 1953 'ஒளவையார்', 1965 'திருவிளையாடல்', 1967 'கந்தன் கருணை'. மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ஹெட்போனில். முதல் படத்தின்போது அவருக்கு ஏறக்குறைய 45 வயது, கடைசியில் 59-ஐ ஒட்டி. 'திருவிளையாடல்' படத்தில் அவர் பாடும் விருத்தத்தை, அதாவது செய்யுளை ராகத்தில் விரித்துப் பாடும் பகுதியை, தனியாக வெட்டி வைத்துக்கொள்வது நல்லது. அங்கே தாளம் கிடையாது. எந்தச் சீரில் மூச்சு எடுக்கிறார் என்று குறித்துக்கொண்டே வாங்க. பொருள் முடியாத இடத்தில் பெரும்பாலும் எடுக்க மாட்டார். பாடிப் பழகுகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், சங்கதியை (ராகத்தின் நெளிவை) பிடிக்கிற அவசரத்தில் சொல்லை நடுவில் உடைத்துவிடுகிறார்கள். முதலில் ராகம் இல்லாமல் பாட்டை வாய்விட்டுப் படியுங்கள், ழகரமும் றகரமும் தெளிவாக விழும்வரை. அப்புறம் சுருதியில் வையுங்கள். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு 1969-இன் 'துணைவன்' படத்துக்குக் கிடைத்தது, அறுபதை ஒட்டிய வயதில். அதையும் இதே முறையில் கேட்டுப் பாருங்கள்.