மறுமொழி: டிஃப்ளேட்டருக்கு என்ன சொல்?

எல்லோருக்கும் வணக்கம்.

பல ஆண்டுத் தொகைகளை ஒப்பிடும்போது, விலையேற்றத்தால் மட்டும் பெருத்ததை எடுத்துவிட எந்த எண்ணால் வகுக்கிறோமோ அதுதான் ஆங்கிலத்தில் டிஃப்ளேட்டர். அதற்குத் தமிழில் பணவாட்டி, வீக்கநீக்கி, விலைக்கழிவெண் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. இந்தியாவும் இலங்கையும் கல்விக்குச் செய்த அரசுச் செலவை ஆண்டுவாரியாக ஒப்பிடும் நம் அட்டவணைத் தலைப்பில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். மூன்றுமே உதைக்கின்றன.

> பணவாட்டம் புழக்கத்தில் இருக்கிறதே, பணவாட்டி என்று வைத்தால் என்ன?

ஐயா, பணவாட்டி என்றால் பணவாட்டத்தை, அதாவது விலைகள் பொதுவாக இறங்குவதை, உண்டாக்குவது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இது வெறும் எண், எதையும் உண்டாக்காது. வீக்கநீக்கியோ, செவ்வாய்ப்பேட்டை மருந்துக்கடையில் கேட்டால் தைலம் எடுத்து நீட்டுவார்கள்!

விலைக்கழிவெண் காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்து அக்கா எழுதியதைத் தட்ட முடியாது: அங்கே விலைக்கழிவு என்றால் கடைக்காரர் தரும் தள்ளுபடி. அட்டவணையில் பாதி அவர்கள் நாட்டுக் கணக்கு. அவர்களுக்குத் தள்ளுபடியாகத் தெரியும் சொல்லைத் தலைப்பில் போடுவது எப்படி?

சொல்லை விடுங்கள், கணக்கே இடிக்கிறது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டெண் (மக்கள் வாங்கும் பொருள்களின் விலை மட்டத்தைக் காட்டும் எண்), முந்தைய செப்டம்பரைவிட ஏறக்குறைய 70 விழுக்காடு ஏறியிருந்தது. ஒரு பேச்சுக்கு, கல்விக்கு ஒதுக்கிய 100 ரூபாய் அந்த ஓராண்டில் 120 ஆனது என்று வையுங்கள். கழிவு, நீக்கி என்று சொல்லிக்கொடுத்தால் மாணவர் 120-இல் 70-ஐக் கழித்து 50 என்று எழுதுவார். விலை 1.7 மடங்கு ஆகிவிட்டதால், செய்ய வேண்டியது 120-ஐ 1.7-ஆல் வகுப்பது, விடை 70.6. ஒதுக்கீடு கூடியதுபோல் தெரிந்தாலும் உண்மையில் முப்பது ரூபாய்போல் குறைந்திருக்கிறது. பாதியாகிவிடவில்லை.

ஆகவே நான் சொல்வது விலைவகுத்தி. வகுபடும் எண், வகுத்தி, ஈவு, மீதி என்று பள்ளிக் கணக்கில் எல்லோரும் படித்ததுதான். என்ன செய்ய வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

> மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை விழுக்காடு என்று போட்டால் இந்தச் சொல்லே தேவைப்படாதே?

தேவைப்படாதுதான், இரண்டும் அதே ஆண்டு விலையில் இருப்பதால் விலை தானாக அடிபட்டுப்போகும். அரசியலிலும் விழுக்காடுதான் ஓடுகிறது. இந்தியக் கல்வியை ஆராய்ந்த கோத்தாரி ஆணையம் 1966-இல் கல்விக்கு 6 விழுக்காடு கேட்டது. 2020 கல்விக் கொள்கையும் அதே 6-ஐத்தான் சொல்கிறது. இலங்கையில் 2012-இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்து கேட்டதும் 6. கிடைத்தது வேறு: இந்தியா 4-ஐ ஒட்டி, இலங்கை அண்மை ஆண்டுகளில் 2-ஐ ஒட்டி. இதை மட்டும் பார்த்தால், 1945-இலிருந்தே இலவசக் கல்வி தந்த நாடு நம்மில் பாதி அக்கறைதான் காட்டுகிறது என்று முடிவு கட்டிவிடலாம். அங்கே மக்கள்தொகையில் பிள்ளைகளின் பங்கு குறைவு என்பது அந்த விழுக்காட்டில் தெரியாது.

ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளி லோடு இறங்கினால் எடையோடு விடுவதில்லை. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை பேசுவார்கள். நமக்கும் விழுக்காட்டோடு நிற்காமல், ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்ற பத்தி வேண்டும். அதைப் பல ஆண்டுகளுக்கு வரிசையாகப் போட்டால் விலைவகுத்தி இல்லாமல் ஆகாது.

எந்த விலைவகுத்தி என்பதையும் முன்னாலேயே ஒட்டிச் சொல்ல வேண்டும். கல்விச் செலவில் பெரும்பங்கு சம்பளம். அரிசி, பெட்ரோல் விலையை வைத்து வகுத்தால், ஊதியக்குழு அமலான ஆண்டில் செலவு குபீரென்று ஏறியதாகக் காட்டும். வகுப்பறையில் கூடுதலாக ஒரு வாத்தியார்கூட வந்திருக்க மாட்டார். எனவே 'நுகர்வோர் விலைவகுத்தி', 'ஊதிய விலைவகுத்தி' என்று தனித்தனியாக எழுதலாம். மொத்த உள்நாட்டு உற்பத்தி விலைவகுத்தி நீளம்தான், அட்டவணையில் 'மொ.உ.உ. விலைவகுத்தி' போதும்.

இரண்டு நாட்டு ரூபாயை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது வேறு வேலை. அதற்கு, அந்தந்த நாட்டில் அந்த ரூபாய்க்கு எவ்வளவு வாங்கலாம் என்று பார்த்து ஒப்பிடும் 'வாங்குதிறன் சமநிலை' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதில் கை வைக்க வேண்டாம்.

இப்படி வகுத்து வந்த தொகைக்கு 'விலைவகுத்த செலவு' என்று போட்டிருக்கிறேன். 'நிலைவிலைச் செலவு' என்று முன்பு சிலர் எழுதியதும் நன்றாகவே இருக்கிறது. இலங்கை நண்பர்கள் எது அங்கே இயல்பாக ஒலிக்கிறது என்று சொன்னால் அதையே வைத்துக்கொள்வோம்.