கோத்தகிரிப் பக்கம் விடியற்காலை ஓட்டம்: வளைவில் காட்டெருமை நின்றால் என்ன செய்வது?

மலைத்தையல் எழுதியது:

வணக்கம். கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகும் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 41. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எனக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னார்கள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையில் (HbA1c) 8.9. இதே நோயில் என் அம்மாவுக்கு ஒரு பாதத்தையே எடுக்க வேண்டியிருந்தது. கட்டுப் பிரித்து மருந்து போட்டவள் நான். அதனால் சோதனை முடிவு வந்த மறுநாளே நடக்கத் தொடங்கினேன். நடை மெல்ல ஓட்டமாயிற்று. இப்போது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஆறு கிலோமீட்டர். போன மாதச் சோதனையில் 6.4. மருத்துவர் ஒரு மாத்திரையைக் குறைத்துவிட்டார்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை 5.20 இருக்கும். நல்ல மூடுபனி. வழக்கமான பாதைதான்: இடப்பக்கம் மண்சரிவுத் தடுப்புச் சுவர், வலப்பக்கம் தேயிலைச் சரிவுக்குப் போட்ட கம்பி வேலி. காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வளைவு திரும்பியதும் கைவிளக்கு வெளிச்சத்தில் நான்கு வெள்ளைக் கால்கள் தெரிந்தன. அவ்வளவுதான் தெரிந்தது, மேலே உடம்பு இருட்டோடு இருட்டாக இருந்தது. விளக்கை உயர்த்தினேன். காட்டெருமை, ஒற்றைக் காளை. எனக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆட்டோ நிறுத்தும் இடம்தான் இருந்திருக்கும். வலது கொம்பில் ஏதோ கொடி சுற்றி, பிய்ந்த நுனி கண்ணுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. புஸ்ஸென்று மூச்சு விட்டது. அந்த ஆவி விளக்கு வெளிச்சத்துக்குள் வந்து கலைந்தது. பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி நின்றது. போகப்போகிறது என்று நினைத்து நான் திரும்பி ஓடிவிட்டேன். பின்னால் கம்பி வேலி அதிரும் சத்தம் கேட்டது. அது என் பின்னால் வரவில்லை.

ஆறு நாளாக ஓடவில்லை. ஷூ வாசலிலேயே கிடக்கிறது. ஓட்டத்தை விட்டால் அம்மாவின் கால் நினைவுக்கு வருகிறது. ஓடலாம் என்றால் அந்த வளைவு நினைவுக்கு வருகிறது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? கையில் ஏதாவது வைத்துக்கொள்ளலாமா? பக்கத்து வீட்டுக்காரர் தன் நாயை அழைத்துப் போகச் சொல்கிறார். இந்த மலையில் ஓடுகிறவர்கள், தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பழைய கண்காணி எழுதியது:

அம்மா, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் கண்காணியாக இருந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

காட்டெருமை என்று நாம் சொன்னாலும் அது எருமை இனமல்ல, காட்டு மாடு. வளர்ந்த காளை ஒரு டன் வரை எடை இருக்கும். அதற்கு உங்கள் மேல் பகை ஒன்றுமில்லை. பயந்தால் தப்பிக்க வழி தேடும், அவ்வளவுதான். நீங்கள் எழுதிய இடத்தை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் வேலி. அதற்கு இருந்தவை இரண்டே வழிகள். அதில் ஒன்றை நீங்கள் அடைத்துக்கொண்டு நின்றீர்கள். நீங்கள் விலகியதும் வேலியைத் தாண்டிச் சரிவில் இறங்கியிருக்கும். இனி ஓடும் பாதையைப் பார்க்கும்போது இதைக் கவனியுங்கள்: எதிரே ஒரு மிருகம் வந்தால் அது ஒதுங்க இடம் இருக்கிறதா? இல்லாத இடத்தில் ஓட வேண்டாம். அந்தத் துண்டை நடந்து, குரல் கொடுத்துக்கொண்டே கடந்துவிடுங்கள்.

அது பக்கவாட்டில் திரும்பியது போவதற்காக அல்ல. தன் உடம்பு எவ்வளவு பெரியது என்று காட்டும், விலகிப் போ என்று அதற்குப் பொருள். அப்போது முதுகு காட்டி ஓடக்கூடாது. விளக்கைத் தரைக்குத் தாழ்த்தி, முகம் அதன் பக்கமே இருக்க, அடியடியாகப் பின்வாங்கி வளைவுக்கு இப்பால் வந்துவிட வேண்டும். தடித்த மரமோ பாறையோ இருந்தால் அதன் மறைவுக்குப் போகலாம். தேயிலைக்குள் மட்டும் இறங்காதீர்கள். செடி நம்மை இடுப்போடு பிடித்துக்கொள்ளும். அது நெஞ்சால் பிளந்துகொண்டு வந்துவிடும். கன்றோடு நிற்கும் பசுவைக் கண்டால் இன்னும் தள்ளிப் போங்கள், தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போய்விடாதீர்கள்.

எனக்குக் காட்டு மாட்டைவிடக் கரடிதான் கவலை. அதற்குக் கண்ணும் காதும் மந்தம், மூக்குதான் எல்லாம். ஒரு முறை, கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) முடிந்த தோட்டத்தின் ஓரம், உண்ணிச்செடிப் புதரைத் தாண்டியதும் பத்தடியில் ஒரு கரடி. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைக் குழிக்குள் விட்டுக் கரையானை உறிஞ்சிக்கொண்டிருந்தது. தண்ணீர் தீர்ந்த பம்பு காற்றை இழுக்குமே, அப்படிச் சத்தம். முதுகில் ஒரு குட்டி, தாயின் முடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு என்னையே பார்த்தது. தாய்க்கு நான் நிற்பதே தெரியாது. வந்த தடத்திலேயே மூச்சை அடக்கிப் பின்னால் போனேன். அது திரும்பிப் பார்த்திருந்தால் என் முகத்தைத்தான் பிடித்திருக்கும். திடுக்கிட்ட கரடி ஓடி ஒளியாது, பாய்ந்துவிடும்.

ஓடுகிறவர்களுக்கு ஆபத்து இங்கேதான். ரப்பர் அடி போட்ட ஷூவில் சத்தமில்லாமல், நடப்பவரைவிட வேகமாக வந்துவிடுகிறீர்கள். உங்கள் வாசனை அதன் மூக்குக்குப் போவதற்குள் நீங்களே போய் நிற்பீர்கள். வளைவுக்கு முப்பது நாற்பது அடி முன்பே கை தட்டுங்கள், உரக்கப் பேசுங்கள். பக்கத்தில் பார்த்துவிட்ட பிறகு கத்தாதீர்கள். கரடியிடமிருந்து ஓடித் தப்ப முடியாது, மரமும் ஏறும். மேலே விழுந்தே விட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முகத்தை மண்ணோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

நாய் வேண்டவே வேண்டாம். அது குரைத்துக்கொண்டு முன்னால் ஓடும்; கரடி திருப்பித் துரத்தினால் உங்கள் காலடிக்குத்தான் திரும்பி வரும். சிறுத்தைக்கோ நாய் விருப்பமான இரை. பேரிக்காய், பிளம்ஸ் பழுக்கும் காலத்தில் அந்த மரங்கள் உள்ள பாதையை விட்டுவிடுங்கள். விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்காகக் கரடி வந்து கதவை உடைத்த கோயில்களும், கோழிக் கழிவு கொட்டும் இடங்களும் அப்படியே.

ஒன்று கேட்கிறேன். ஏன் 5.20? விடிந்த பிறகு ஓடினால் என்ன?

வால்பாறை ஓட்டம் எழுதியது:

கண்காணி ஐயா சொன்னதற்கு மேல் யானையையும் சிறுத்தையையும் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக வால்பாறைத் தோட்டச் சாலைகளில் ஓடுகிறேன்.

எங்கள் ஊரில் யானை நடமாட்டத்தைக் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறார்கள். முக்கியமான இடங்களில் கம்பங்களில் சிவப்பு விளக்கு இருக்கிறது. பக்கத்தில் யானை இருந்தால் அதை எரியவிடுவார்கள். இந்த ஏற்பாட்டில் உழைத்த ஆய்வாளர் ஆனந்த குமாருக்கு 2015ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. சிவப்பு விளக்கு எரிந்தால் நான் அன்று வீட்டு மாடியில்தான் ஓடுவேன். இதில் எனக்கு வருத்தமே இல்லை. உங்கள் பக்கம் மேட்டுப்பாளையம் சாலையில் குஞ்சப்பனை வட்டாரத்தில் பலாப் பருவத்தில் யானை ஏறி வரும். அந்த மாதங்களில் அங்கே ஓடப் போகவே கூடாது. யானை சரிவில் இறங்கத் தடுமாறும், பள்ளத்தில் ஓடினால் தப்பிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். எங்கள் சரிவுகளில் அது இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

சிறுத்தை நடமாட்டம் அந்தியிலும் விடியலிலும் அதிகம். அந்த நேரத்தில் ஷூ கயிறு கட்டக்கூடச் சாலை ஓரத்தில் குனிந்து உட்காராதீர்கள். குனிந்த உருவம் அதற்குச் சின்ன விலங்காகத் தெரியும். வெட்டவெளியில், விளக்குக் கம்பத்தின் கீழ் நின்று கட்டுங்கள். நேரில் கண்டால் நிமிர்ந்து நின்று, கைகளை உயர்த்தி, கனத்த குரலில் பேசியபடி பின்வாங்குங்கள். ஓடினால் துரத்தத் தூண்டியது போலாகும். குழந்தைகள் தாங்களும் ஓட வருகிறோம் என்றால் அந்த நேரத்தில் அவர்களைக் கண்டிப்பாக அழைத்துப் போக வேண்டாம்.

காதில் மாட்டியதை எடுத்துவிடுங்கள், ஒரு காதில் மட்டும் என்ற சமரசமும் வேண்டாம். மூச்சு விடும் சத்தம், கிளை முறியும் சத்தம், குருவிகள் சட்டென்று அடங்குவது, இவைதான் நமக்குக் குறுஞ்செய்தி. இன்னொன்று, வெளியூரிலிருந்து வந்து காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி அது குற்றம். அங்கே நாம் மிருகத்தின் வீட்டுக்குள்ளேயே நுழைகிறோம்.

குன்னூர் செவிலி எழுதியது:

சுருக்கமாக என் பங்கு. கரடியோ, குரங்கோ, தெருநாயோ கடித்தாலும் கீறினாலும் முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. கடிகாரம் பார்த்து 15 நிமிடம். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து 108ஐ அழையுங்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். காயம் ஆறிவிட்டதே என்று மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள்.

சகோதரி, எந்த வழியாக ஓடுகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். நம் வளைவுகளில் பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால், ஓடும்போது அதன் அளவு சட்டென்று இறங்கினால் வாயில் போட, சட்டைப் பையில் இரண்டு மிட்டாயும் இருக்கட்டும். மயங்கி விழுந்தால் காட்டுப்பன்றி வரும் பாதையில்தானே கிடப்பீர்கள்.

மலைத்தையல் எழுதியது:

ஐயா, 5.20 ஏன் என்று கேட்டீர்கள். இரண்டு நாள் யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளின் பள்ளி வேன் 8.15க்கு வரும், கடை 10 மணிக்குத் திறந்தால் போதும். நடுவில் நேரம் இருக்கிறது. ஆனால் பகலில் ஓட எனக்குக் கூச்சம். முதல் மாதம் ஒரு நாள் விடிந்த பிறகு ஓடினேன். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குத் துணி தைக்கக் கொடுக்கும் ஒரு அம்மாள் கடைக்கே வந்து, வயதுக்கு வந்த பெண் இருக்கும் வீட்டில் நீ இப்படிச் சாலையில் ஓடலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். அதிலிருந்துதான் இருட்டுக்குப் போனேன். யாரும் பார்க்காத நேரமாகத் தேடித் தேடி எடுத்த நேரம் அது.

பழைய கண்காணி எழுதியது:

அம்மா, படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கொழுந்து பறித்தவள். மழைச்சட்டையைக் கட்டிக்கொண்டு, சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, முப்பது பெண்கள் சத்தமாகப் பேசியபடிதான் காட்டில் இறங்குவார்கள். எந்த நிரையில் மாடு படுத்திருக்கிறது, எந்தப் புதரில் கரடி சாணம் புதிதாகக் கிடக்கிறது என்று எனக்குச் சொன்னவர்கள் அவர்கள்தான். நான் அவர்களுக்குச் சொன்னதில்லை. அவர்கள் வேலைக்கு இறங்கிய பிறகு ஓடுங்கள். அவர்கள் கண்ணில் படும்படி ஓடுங்கள். துணி கொண்டுவந்த அந்த அம்மாள் எதுவும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

மலைத்தையல் எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். வேன் போனதும் 8.25க்குக் கிளம்புகிறேன். பாட்டு இல்லை. சுவரும் வேலியும் உள்ள அந்தத் துண்டை நடந்துதான் கடக்கிறேன், கை தட்டிக்கொண்டே. முதல் நாள் கொழுந்துக்காரப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்குக் கால் பின்னியது. ஒருவர், எதற்கு ஓடுகிறாய் என்று சரிவிலிருந்தே கேட்டார். சர்க்கரை என்று கத்திச் சொன்னேன். எனக்கும்தான் இருக்கிறது என்று அங்கிருந்து இரண்டு குரல் வந்தது.

இன்று காலை கொழுந்து எடை போடும் கொட்டகைக்குப் பக்கத்தில் போகும்போது அதே பெண் கூப்பிட்டு நிறுத்தினார். முகத்தில் பனிநீர், கையில் பறித்த கொழுந்து அப்படியே இருந்தது. "கீழ்ப் பாதையில் போகாதே, கொம்பில் கொடி சுற்றியது ஒன்று விடிந்ததிலிருந்து அங்கேயே படுத்திருக்கிறது. மேலே சுற்றிக்கொண்டு போ" என்றார்.

மேலே சுற்றிக்கொண்டு போனேன். இன்று ஏழு கிலோமீட்டர் ஆயிற்று.