காத்தாடியும் சோலாரும் யாழ்ப்பாணத்து ஊருகளுக்கு வந்த நேரம் கண்டது, கேட்டது

தென்மராட்சியான்:
காத்தில கரண்ட் எடுக்கிற காத்தாலை போட வந்தவை ஊர்ச்சனத்தைக் கூப்பிட்டுக் கூட்டம் வச்சவை. நான் ஆதரவாக் கதைக்கப் போனவன். முடியேக்க ஒரு ஆச்சி கையைப் பிடிச்சு, "தம்பி, செட்டை சுத்தேக்க நிழல் என்ர குசினிக்குள்ள வந்து வந்து போகுமாம், உண்மையோ?" எண்டா. காத்தாலை போட வந்தவையிட்டைக் கேட்டன். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே ஒருத்தர் "பழகீடும்" எண்டார். ஆச்சி ஒண்டும் சொல்லாமல் செருப்பைத் தேடினா. அது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. கரண்ட் வேண்டாமெண்டு அவ ஒருக்காலும் சொல்லேல்லை.

கொக்குவில் பிள்ளை:
நிழலுக்குப் பயந்தால் ஒண்டும் நடவாது அண்ணை. பள்ளையில சோளகக் காத்துக்கு வருசக்கணக்காச் சுத்துதுதானே.

என்ர கதை வேற, கூரையில போட்ட சோலார். 2025 மாசி 9, ஞாயிறு, இலங்கை முழுக்கக் கரண்ட் போன நாள். நல்ல வெயில். பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால எட்டி, "இவ்வளவு காசு கொட்டியும் உங்கட ஃபானும் நிண்டிட்டுதே பிள்ளை?" எண்டா. சோலார் போட இருந்தவ, அண்டோட விட்டிட்டா.

வாங்கப் போறவை கேளுங்கோ. லைன் செத்தால் இன்வேட்டரும் (சோலார்க் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்திற பெட்டி) தானா நிக்கும், கம்பத்தில ஏறி வேலை செய்யிறவைக்கு அடிக்கக்கூடாது எண்டுதான். பற்றரியும் அதுக்கேத்த இன்வேட்டரும் இருந்தால்தான் அந்த நேரம் வீட்டுக்கு ஓடும். இதை விக்கிறவை முதலே சொல்லவேணும், எனக்குச் சொல்லேல்லை. தென்பக்கம் பனை நிண்டால் நிழல் பாருங்கோ. ஒரு தகட்டில விழுற நிழல் முழு வரிசையையும் இழுத்து விழுத்தக்கூடும். கடற்கரையெண்டால் உப்புப் படியும், வெயில் ஏற முன்னம் நல்ல தண்ணியால கழுவுங்கோ. ஆணி துருப்பிடியாததோ எண்டும் பாருங்கோ.

நெடுந்தீவார்:
தங்கச்சி, உங்களுக்கு ஒரு நாள். எங்களுக்கு டீசல் கடல் தாண்டி வந்தால்தான் வெளிச்சம் எண்டிருந்தது. எழுவைதீவுக்குச் சோலார், காத்தாடி, பற்றரி முதலே வந்திட்டுது. எங்களுக்கும் நயினாதீவு, அனலைதீவுக்கும் அதுமாதிரிப் போட 2021 தையில சீனக் கொம்பனி எண்டினம். 2022 பங்குனியில இந்தியா எண்டினம், பிறகு 1.1 கோடி டொலர் மானியம் எண்டினம். குறிகாட்டுவானில வள்ளத்துக்கு நிக்கேக்க பெரியப்புவுக்குப் பேப்பர் வாசிச்சன். அவர் கேட்டது ஒண்டுதான்: "ஆற்ற காணியில நடப்போகினமாம்?" திருப்பித் திருப்பிப் பார்த்தன். சீனா, இந்தியா, டொலர் எல்லாம் இருந்தது. காணி இல்லை.

சுன்னாகத்திலயிருந்து:
இஞ்சத்தைப் பவர் ஸ்டேசன்ர கழிவெண்ணெய் கிணறுகளுக்குள்ள இறங்கின காலம், எங்கட கிணத்து வாளியில எண்ணெய்ப் படலம் வெயிலுக்கு நிறம் நிறமா மினுங்கினதை அம்மா கண்டவ. சுண்ணாம்புக்கல் நிலம், கீழ போனது எங்க போகுமெண்டு ஆர் கண்டது? போன மாதம் சோலார் விக்க வந்த பெடியனிட்ட, "தம்பி, இது நிலத்துக்குள்ள என்னத்தை விடும்?" எண்டு கேட்டா. அவன் சிரிச்சான். அம்மா சிரிக்கேல்லை. பற்றரி பழுதானால் ஆர் வந்து தூக்கிக்கொண்டு போறது எண்டு எழுத்தில தரச்சொன்னா. இன்னும் தரேல்லை.