மாதவிலக்கு நின்ற பிறகு மூச்சு வாங்குது, வயசுதானா?

பாம்பன், வயது 51:
கடல்பாசி எடுக்கிறேன். விலக்கு நின்னு 14 மாசம். சாப்பாடு அதேதான், ஆனா தொப்பை விழுது. பாசி மூட்டையோட கரையேறினா மூச்சு வாங்குது.

மண்டபம், செவிலியர்:
வயசுன்னு விட்டுடாதீங்க அக்கா. விலக்கு நின்னா ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் குறையும், அதனால தொடையில சேர்ந்த கொழுப்பு வயித்துல சேரும். எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு ஏறும், ரத்தக்குழாய் விறைக்கும். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூணும் பாருங்க. மூச்சு வாங்குறதால இதயத்தைப் பார்க்குற ஈசிஜியும் இந்த வாரமே எடுத்துடுங்க.

கீழக்கரை:
எங்க அம்மாவுக்கு நெஞ்சு வலிக்கவே இல்ல. தாடையும் முதுகும்தான். வாயுன்னு ஓமத்தண்ணி குடுத்தோம். மாரடைப்பு அது. அப்படி வந்தா உடனே 108.

பாம்பன்:
தினமும் கருவாடு உண்டு...

செவிலியர்:
உப்பு பிரஷரை ஏத்தும் அக்கா. பச்சை மத்தியைக் குழம்பு வைங்க.