புதுப்பிப்பு: ஸ்லைடரை நடுவில் நிறுத்தினால் 150 காட்டியது ஏன்?

எல்இடி பட்டையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஸ்லைடர் பொட்டென்ஷியோமீட்டரை (நகர்த்தினால் மின்தடை மாறும் பாகம்) பொருத்தியதையும், அதை நடுவில் நிறுத்தினால் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகை, 0 முதல் 1023 வரையான அளவில் பாதியான 512-க்குப் பதில் 150-ஐ ஒட்டியே காட்டுவதையும் முன்பு எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிய ஸ்லைடர் அது. விளக்கின் அருகே சாய்த்துப் பார்த்தால் தகட்டின் ஓரத்தில் ‘ஏ10கே’ என்ற மங்கலான எழுத்து தெரிகிறது. ‘ஏ’ பெரும்பாலும் ஒலியளவுக்கான மடக்கை வகையைக் குறிக்கும். பாதி தூரம் நகர்ந்தும் மின்தடை 10, 15 விழுக்காடுதான் மாறும். சீராக மாறும் ‘பி10கே’ போட்டதும் நடுவில் 510 வந்தது. அப்படியொரு நிம்மதி!

எண்கள் துடித்துக்கொண்டிருந்தது தனிச் சிக்கல். நகரும் தொடுமுனையின் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரைப் பற்றவைத்ததும் அடங்கியது.

ஆனாலும் வெளிச்சம் தொடக்கத்திலேயே சட்டென்று ஏறியது. நம் கண் மங்கல் ஒளியில் சிறு மாற்றத்தையும் பெரிதாக உணரும். அதனால் ஊனோ காட்டும் அளவை அதே அளவால் பெருக்கி 4104-ஆல் வகுக்கிறேன். எல்இடிக்குப் போகும் வெளிச்ச அளவு 0 முதல் 255 வரை இதமாக ஏறுகிறது. பெருக்குத்தொகை பத்து லட்சத்தைத் தாண்டும் என்பதால் நிரலில் அந்த மாறியை ‘லாங்’ (பெரிய முழு எண் வகை) என அறிவியுங்கள். ஊனோவில் ‘இன்ட்’ (வழக்கமான முழு எண் வகை) 32767-க்கு மேல் தாங்காது.